பாயிண்டுக்குப் படிப்பது, நோயாளிக்குப் படிப்பது

கல்லீரல் சுருங்கிப்போனவருக்குப் பருப்பு கொடுக்காதீர்கள், முட்டை கூடாது, மீன், கோழி பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்ட நோயாளிகளை நான் இன்னமும் பார்க்கிறேன். சொன்னது பக்கத்து வீட்டுக்காரர் என்றால் சரி, விட்டுவிடலாம். பல நேரம் சொன்னது ஒரு மருத்துவர், அல்லது என்னைப் போல ஒரு தாதி. அவர்கள் பொய் சொல்லவில்லை, ஒரு காலத்தில் பாடப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருந்தது. அந்தப் பாடம் மாறி இருபது வருடம் ஆகிவிட்டது. மாறிய சேதி அவர்களிடம் போய்ச் சேராததால் ஒரு மனிதர் மாதக்கணக்கில் கஞ்சியும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டு, தசையெல்லாம் கரைந்து, சட்டை தொளதொளவென்று தொங்க எங்கள் முன்னால் வந்து உட்கார்கிறார்.

நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளர். அடிப்படையில் தாதி. காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களின் ரத்தப் பரிசோதனைகளைத் துரத்துவது, கொடையாளர் குடும்பத்தோடு பேசுவது, நடுராத்திரியில் போன் வந்தால் எல்லோரையும் எழுப்புவது, இதெல்லாம் என் வேலை. அதோடு எங்கள் துறையின் வாராந்திரக் கூட்டங்களுக்கும் பாட வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்வதும் என் தலையில்தான். அதனால் கல்லீரல் நிபுணர்கள் பட்டம் வாங்கிய பிறகு எப்படிப் படிக்கிறார்கள், படித்தது கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிகிறது. சில விஷயங்களில் எனக்குப் பெருமை, சில விஷயங்களில் கோபம். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பருப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன். உணவில் இருக்கும் புரதம் குடலில் உடையும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதை மாற்றி வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன கல்லீரலால் முடியாது, அம்மோனியா ரத்தத்தில் ஏறும், நோயாளிக்குக் குழப்பம், தூக்கம் தலைகீழாவது, கை நடுக்கம், கடைசியில் மயக்கம் என்று வரும். ஆகவே புரதத்தைக் குறை என்றார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. 2004-ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. குழப்பத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஒரு பாதிக்குப் புரதத்தைக் குறைத்தார்கள், மறு பாதிக்கு வழக்கமான அளவு கொடுத்தார்கள். குறைத்ததால் ஒரு லாபமும் இல்லை, உடம்பில் இருந்த புரதம் கூடுதலாகக் கரைந்ததுதான் மிச்சம். காரணமும் தெளிவு: கல்லீரல் கைவிட்ட அம்மோனியாவை ஓரளவு வாங்கிக்கொள்வது தசைதான். பட்டினி போட்டுத் தசையைக் கரைத்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். இன்றைய வழிகாட்டுதல்கள் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் சாப்பிடச் சொல்கின்றன. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம்தான் இருக்கிறது என்றால் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு அம்மா தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு காலத்தில் நல்ல வாட்டசாட்டமான ஆளாக இருந்திருப்பார். அந்த அம்மா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார், பேரப் பிள்ளையின் பழைய பள்ளி நோட்டு. அதில் தேதி போட்டு, காலை, மதியம், இரவு என்று கோடு போட்டு, கொடுத்ததையெல்லாம் எழுதியிருந்தார். அரிசிக் கஞ்சி, சுரைக்காய், ஆப்பிள், மறுபடி கஞ்சி. ஒரு முறை ரசத்தில் துவரம் பருப்புத் தண்ணீர் சேர்த்துவிட்டதை எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். எங்கள் உணவியல் நிபுணர் அவர் கையில் பிடி வலுவை அளக்கும் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன், பருப்பு கொடுங்கம்மா, மீன் கொடுங்க, ராத்திரி படுக்கும் முன்னாடி இரண்டு இட்லியாவது, பாலும் ரொட்டியுமாவது கொடுங்க, வெறும் வயிற்றோடு படுக்க விடாதீங்க என்று. அந்த அம்மா கேட்டார்: “சிஸ்டர், அவங்க கூடாதுன்னாங்க, நீங்க கொடுங்கன்னு சொல்றீங்க. நான் யாரு பேச்சக் கேக்குறது? இத்தன நாளு நான் அவரப் பட்டினி போட்டேனா?”

அந்தக் கடைசிக் கேள்வியை ஒரு மனைவி கேட்கும் நிலை வந்திருக்கவே கூடாது. அவர் சொன்னதைச் சொன்னபடி செய்தவர், அவ்வளவு ஒழுங்காக யாரும் செய்ய மாட்டார்கள். தவறு முழுக்க எங்கள் பக்கத்து ஆட்களுடையது. (ராத்திரிச் சாப்பாடு ஏன் என்றால், சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறிச் சுருங்கிப்போன கல்லீரலில் மாவுச்சத்து சேமிப்பு மிகக் குறைவு. மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பு என்ன செய்யுமோ, அதை இவர்களின் உடம்பு ஒரே ராத்திரியில் செய்துவிடுகிறது, தசையை எரிக்க ஆரம்பித்துவிடுகிறது.)

சரி, இந்த ஊரில் மருத்துவர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று விதி இல்லையா? இருக்கிறது. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் 2003-ல் தொடர் மருத்துவக் கல்வியைக் கட்டாயமாக்கியது. இரண்டு வருடத்தில் ஐம்பது பாயிண்ட் சேர்க்காவிட்டால் தொழில் உரிமத்தைப் புதுப்பிப்பது சிக்கல். தாதிகளுக்கும் மருந்தாளர்களுக்கும் தனித்தனியாக இதே மாதிரி ஏற்பாடு உண்டு. நான் இந்த விதிக்கு எதிரியில்லை. விதி இல்லையென்றால் வரவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த சிலரும் இருக்கிறார்கள், அவர்களையும் அறைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தது அந்த ஐம்பது பாயிண்ட்தான். ஆனால் பாயிண்ட் என்பது ஒருவர் அறையில் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி. அவர் மறுநாள் வார்டில் எதை மாற்றினார் என்பதை அது கேட்பதே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேர உரை, வாசலில் கியூஆர் கோடு ஸ்கேன், நாற்பது ஸ்லைடு, இரண்டு கேள்வி, முடிந்தது. பேசியவர் உலகத் தரமானவராக இருக்கலாம். கேட்டவர்களும் கெட்டிக்காரர்கள்தான். அன்று மாலை கிளினிக்கில் பழைய உணவுப் பட்டியல் தாள்தான் இன்னமும் மேஜையில் கட்டாக இருக்கிறது என்றால் அந்த ஒரு மணி நேரத்தால் யாருக்கு என்ன?

கல்லீரல் துறையில் இது மற்ற துறைகளை விட அதிகம் உறுத்துவதற்குக் காரணம், இங்கே பாடம் மாறும் வேகம். நான் வேலைக்கு வந்த காலத்தில் ஹெபடைட்டிஸ் சி நோயாளி என்றால் வாரா வாரம் இன்டர்ஃபெரான் ஊசி, கூட மாத்திரை, பலருக்கு 48 வாரம். காய்ச்சல், முடி கொட்டுவது, மனச்சோர்வு என்று அத்தனையும் பட்டு முடித்தாலும் பாதிப் பேருக்குத்தான் குணம். 2013-க்குப் பிறகு வந்த மாத்திரைகளில் எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணமாகிறார்கள். அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989-ல்தான். ஒருவர் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் ஒரு நோய்க்குப் பெயர் வைத்து, பரிசோதனை கண்டுபிடித்து, மருந்தும் கண்டுபிடித்துவிட்டார்கள். கொழுப்புக் கல்லீரலுக்கு மருந்தே கிடையாது, எடையைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம், 2025 ஆகஸ்டில் செமக்ளூட்டைடு என்று அடுத்தடுத்து ஒப்புதல் வந்துவிட்டது.

ரத்தம் உறைவது பற்றி நாங்கள் நினைத்திருந்ததும் மாறியது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் கூடியிருக்கிறது, ஆகவே இவருக்கு ரத்தம் நிற்காது, வயிற்றில் கோத்த நீரை ஊசி போட்டு எடுக்கும் முன் பிளாஸ்மா ஏற்று என்பது பழைய வழக்கம். அந்த எண் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை மட்டுமே அளக்கிறது, உறையாமல் தடுக்கும் புரதங்களையும் இதே கல்லீரல்தான் செய்கிறது, அவையும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் குறைந்து ஒரு மாதிரி சமநிலையில்தான் நோயாளி இருக்கிறார், சிலருக்கு மாறாக ரத்தக் குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து கட்டியாகிவிடுகிறது. இது புரிந்த பிறகு சும்மா பிளாஸ்மா ஏற்றுவது எங்கள் துறையில் நின்றது. ராத்திரி வேறு துறை வார்டில் ஒரு இளம் மருத்துவர் இன்னும் ஏற்றச் சொல்லிக் கேட்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, கல்லீரல் வகுப்புக்கு அவரை யாரும் கூப்பிடவே இல்லையே.

குடி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாடம் மாறுவது மருந்து மாறுவது போல் லேசானதில்லை. குடியால் கல்லீரல் கெட்டவர் ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தான் மாற்று அறுவைக்குப் பரிசீலிப்போம் என்பது உலகம் முழுக்கப் பரவிய வழக்கம். அதில் ஒரு நல்ல காரணமும் உண்டு, குடியை நிறுத்திய சிலருக்குக் கல்லீரல் தானாகவே தேறி, அறுவையே தேவைப்படாமல் போகும். ஆனால் கடுமையான ஆல்கஹால் ஹெபடைட்டிஸோடு, அதாவது குடியால் வந்த கல்லீரல் அழற்சியோடு வருபவர், மருந்துக்கும் மசியவில்லையென்றால், ஆறு மாதம் உயிரோடு இருக்க மாட்டார். 2011-ல் பிரான்சையும் பெல்ஜியத்தையும் சேர்ந்த குழு, மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 பேருக்குக் காத்திருக்காமல் மாற்று அறுவை செய்து முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் 77 சதவீதம், அறுவை கிடைக்காத அதே மாதிரி நோயாளிகளில் 23 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பார்த்த பிறகு அறையில் யாராலும் பழையபடி பேச முடியாது. எதிர்ப்பும் பலமாகத்தான் இருக்கிறது, இறந்தவர் கொடுத்த உறுப்பு குறைவு, அதைக் குடித்தவருக்கா என்று கேட்பவரின் கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். எங்கள் கூட்டத்தில் இது பற்றிப் பேச்சு வந்த நாளில் அதிகம் கற்றுக்கொடுத்தவர் அறுவை நிபுணரோ கல்லீரல் மருத்துவரோ இல்லை. மருத்துவச் சமூக ஊழியர்தான். ஆறு மாதம் என்ற நாள்காட்டியை விட, வீட்டில் யார் இருக்கிறார்கள், தன் நோய்க்குக் காரணம் குடிதான் என்பதை நோயாளி ஒத்துக்கொள்கிறாரா, மனநோய் ஏதும் கவனிக்கப்படாமல் கிடக்கிறதா என்பவைதான் அவர் திரும்பக் குடிப்பாரா என்பதைச் சொல்லும் என்று ஒவ்வொரு நோயாளியாக எடுத்து விளக்கினார். மனநல மருத்துவர் கூடவே உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

அந்த அறை எனக்குப் பிடித்த இடம். பெரிய மேஜை, ஒரு பக்கம் ஸ்கேன் படங்கள் ஓடும் திரை, கதிரியக்க மருத்துவர் கையில் மவுஸ், பக்கத்தில் ஆறிப்போன கோப்பி. கல்லீரல் மருத்துவர், அறுவை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், நுண்ணுயிர்த் தொற்று மருத்துவர், மருந்தாளர், உணவியல் நிபுணர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், நாங்கள் ஒருங்கிணைப்பாளர்கள். ஒரு வருடம் சீனப் புத்தாண்டு முடிந்து இரண்டு வாரத்தில் ஒரு நோயாளியின் டாக்ரோலிமஸ் அளவு தாறுமாறாக ஏறியிருந்தது. மாற்றுக் கல்லீரலை உடம்பு தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து அது. அளவு குறைந்தால் உடம்பு கல்லீரலைத் தாக்கும், கூடினால் கை நடுங்கும், சிறுநீரகம் கெடும். புது மருந்து எதுவும் அவர் எடுக்கவில்லை, வயிற்றுப்போக்கு இல்லை, மாத்திரையும் சரியான அளவுதான். எல்லோரும் ஆய்வகத்தைச் சந்தேகித்தபோது மருந்தாளர் மட்டும், “வீட்டில் பம்ப்ளிமாஸ் சாப்பிட்டாரா, கேளுங்கள்” என்றார். புத்தாண்டுக்கு வந்த பழங்கள் மேஜையில் வரிசையாக இருந்திருக்கின்றன, தினமும் ஒன்று உரித்திருக்கிறார். கிரேப்ஃபுரூட் கூடாது என்று எங்கள் கையேட்டில் அச்சடித்திருந்தோம், அவரும் அதைத் தொடவே இல்லை. அதே குடும்பத்துப் பழம், டாக்ரோலிமஸை உடைக்கும் குடல் நொதியை அதே மாதிரி முடக்கும் பழம், நம் ஊரில் எல்லோர் வீட்டிலும் இருக்கும் பழம், அதன் பெயர் கையேட்டில் இல்லை. மேலை நாட்டுக் கையேட்டைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் வரும். அடுத்த வாரமே பெயரைச் சேர்த்து, நான்கு மொழியிலும் படம் போட்டு அச்சடித்தோம். அந்த ஒரு கேள்விக்கு எத்தனை பாயிண்ட் கொடுப்பது?

நம் ஆட்கள் பக்கம் வருகிறேன். தமிழ் நோயாளிகளில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி, கீழாநெல்லி சாப்பிடலாமா என்பது. இதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாத கல்லீரல் நிபுணர் சிங்கப்பூரில் வேலை பார்க்கவே தயாராகவில்லை என்பது என் அபிப்பிராயம். “அதெல்லாம் சாப்பிடாதே” என்று கையை வீசினால் நோயாளி அடுத்த முறை சொல்லாமல் சாப்பிடுவார், அவ்வளவுதான். கீழாநெல்லிக்கு ஒரு மரியாதையான வரலாறு இருக்கிறது. சென்னையில் பேராசிரியர் தியாகராஜன் குழுவும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம். பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை, அதனால் இன்று யாரும் அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை. இந்தக் கதையை முழுதாகச் சொன்னால் எங்கள் பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். “அப்படியா, ஆராய்ச்சியெல்லாம் பண்ணாங்களா” என்று ஆச்சரியப்பட்டு, ஹெபடைட்டிஸ் பி-க்கான என்டிகேவிர் மாத்திரையை நிறுத்தாமல் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஐயா ஒருவர் இப்போதும் தவறாமல் வருகிறார்.

சீந்தில் கதை வேறு. கோவிட் காலத்தில் எதிர்ப்பு சக்தி என்று ஊரே கஷாயம் குடித்தபோது மும்பை மருத்துவர்கள் அதனால் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். மஞ்சளும் அப்படி. சமையலில் போடும் மஞ்சளால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மிளகுச் சத்து சேர்த்து, உடம்பில் பல மடங்கு ஏறும்படி செய்து குப்பியில் விற்கிறார்களே, அந்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களை அமெரிக்க ஆய்வுக் குழு 2022-ல் பட்டியலிட்டது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. 2002-ல் ஸ்லிம் 10 என்ற மெலியவைக்கும் மாத்திரையால் நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் கல்லீரல் செயலிழந்து, அவரை மணக்க இருந்தவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்துக் காப்பாற்றியது தேசம் முழுக்கத் தெரியும். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நோயாளி மனம் கோணாமல் கேட்கத் தெரிவதும் நிபுணத்துவம்தான், அதற்கு வகுப்பு வேண்டும், அதை நடத்த மொழியும் வீடும் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

இன்னொரு சிக்கல் இந்த ஊருக்கே உரியது: எண்ணிக்கை. சிங்கப்பூரின் முதல் கல்லீரல் மாற்று அறுவை 1990-ல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. 1987-ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம், ஹோட்டா என்று எல்லோரும் சொல்வது, மறுப்புத் தெரிவிக்காதவர் இறந்தால் அவர் உறுப்பை எடுக்க அனுமதிப்பது, முதலில் சிறுநீரகத்துக்கு மட்டும்தான். 2004-ல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் சேர்ந்தன, 2008-ல் முஸ்லிம்களும் சட்டத்துக்குள் வந்தார்கள், 2009-ல் அறுபது வயது உச்சவரம்பு போனது. இவ்வளவு இருந்தும் ஆண்டுக்கு நடக்கும் கல்லீரல் மாற்றுகள் சில பத்துகள்தான். சின்ன ஊர், அவ்வளவுதான் வரும். ஆனால் பயிற்சியில் இருக்கும் இளம் அறுவை நிபுணருக்கு அது போதாது. உயிரோடிருப்பவரின் கல்லீரலில் பாதியை வெட்டி எடுப்பது, அதுவும் எந்த நோயும் இல்லாத ஒருவரை மேஜையில் படுக்கவைத்துச் செய்வது, கை பழகாமல் செய்யக்கூடிய வேலையா? தென்கொரியாவின் சோல் நகரில் உள்ள ஆசான் மருத்துவமனை ஆண்டுக்கு 400-க்கு மேல் செய்கிறது. சுகாதார அமைச்சின் பயிற்சி நிதியில் நம் ஆட்கள் இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு வருடம் போய் வருகிறார்கள்.

சென்னைக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னால் முன்பு ஒரு மாதிரி பார்ப்பார்கள், இப்போது பார்ப்பதில்லை. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாகச் செய்த முதல் கல்லீரல் மாற்று 1998-ல் டெல்லியில், குழந்தை காஞ்சிபுரத்துக் குழந்தை, கொடுத்தவர் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டது. மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து போன முகமது ரேலா, பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு 1997-ல் லண்டனில் கல்லீரல் மாற்று செய்தவர், பிறகு சென்னைக்கே திரும்பி மருத்துவமனை கட்டினார். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் விமானம் ஏறி மேற்கே வெகு தூரம் போக வேண்டிய காலம் மாறிவிட்டது. 2025 மே மாதம் உலகக் கல்லீரல் மாற்றுச் சங்கத்தின் மாநாடே இங்கே, சிங்கப்பூரில் நடந்தது. மாநாடுகளின் பலன் மேடையில் பாதி, வரிசையில் நின்று சாப்பாடு எடுக்கும்போது பாதி. வேறு நாட்டு ஒருங்கிணைப்பாளரோடு நின்று, கொடையாளர் கடைசி நிமிடத்தில் மனம் மாறினால் குடும்பத்திடம் என்ன காரணம் சொல்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதை எந்த ஸ்லைடிலும் போட மாட்டார்கள். (நாங்கள் “மருத்துவக் காரணம், இவர் பொருந்தவில்லை” என்று மட்டும் சொல்வோம். கொடையாளரின் மானத்தைக் காப்பது எங்கள் கடமை.)

நான் இவ்வளவு படித்ததிலும் பார்த்ததிலும், தொடர் கல்விக்கு எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி கல்லீரல் துறையிலிருந்தே வந்ததுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் ஆல்புகெர்கி நகரத்தில் இருந்தார். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் பல மணி நேரம் வண்டியில் வந்து, அதற்கும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் நோயாளிகளை வரவழைப்பதற்குப் பதிலாக 2003-ல், வாரம் ஒரு முறை, சிற்றூர் மருத்துவர்களையும் சிறைச்சாலை மருத்துவர்களையும் வீடியோவில் கூட்டினார். அவர்கள் தங்கள் நோயாளியை விவரிப்பார்கள், நிபுணர் குழு கூடவே யோசிக்கும், முடிவை எடுத்து நடத்துவது அந்தச் சிற்றூர் மருத்துவரே. 2011-ல் முடிவு வந்தபோது பல்கலைக்கழக கிளினிக்கில் குணமானவர்கள் 57.5 சதவீதம், சிற்றூர்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். நிபுணர் கையில் பார்த்தாலும் குடும்ப மருத்துவர் கையில் பார்த்தாலும் ஒன்றுதான் என்று ஆனது, இன்டர்ஃபெரான் காலத்திலேயே, அவ்வளவு தொல்லை பிடித்த சிகிச்சையிலேயே. எக்கோ என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது.

சிங்கப்பூரில் யாரும் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் ஈசூன் பலதுறை மருந்தகத்தில் இருக்கும் மருத்துவருக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இருக்கும் தூரம், எம்ஆர்டியில் போய்த் தீரும் தூரமில்லை. 2023-ல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் என்று வந்திருக்கிறது. நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவர் முதலில் பார்ப்பது அவரைத்தான். நம் இந்தியர்களுக்குப் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும், அதனால்தான் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே இங்கே எச்சரிக்கிறார்கள். கல்லீரலில் தழும்பு எவ்வளவு விழுந்திருக்கும் என்று கணிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள், அவ்வளவுதான், வழக்கமான ரத்தப் பரிசோதனையிலேயே எல்லாம் இருக்கும். 1.3-க்குக் கீழே என்றால் பொதுவாகப் பயமில்லை, 2.67-க்கு மேலே என்றால் எங்களிடம் அனுப்பலாம். நடுவில் என்றால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். இதை ஒரு குடும்ப மருத்துவர் தன் ஐந்து நோயாளிகளை வைத்து எங்களோடு ஒரு மாலை பேசினால் பிறகு மறக்கவே மாட்டார். ஒரு மணி நேர உரையில் கேட்டால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடுவார்.

எனக்கு வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் நான் கேட்பது இதுதான். நிபுணர்களுக்கான வகுப்பு என்று போட்டாலும் மருந்தாளரையும் உணவியல் நிபுணரையும் வார்டுத் தாதியையும் அதே அறையில் உட்காரவையுங்கள். வெளியே தனியாகத் தாதிகளுக்கு எளிமையான வகுப்பு என்று நடத்தாதீர்கள், அந்த எளிமையான வகுப்பில்தான் பழைய பாடம் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும், இதனால் எந்தத் தாளை, எந்தக் கையேட்டை, எந்த ஆர்டரை மாற்றப் போகிறோம் என்று ஒருவர் பெயரைப் போட்டு எழுதுங்கள். எங்கள் துறைத் தலைவர் இதற்கு ஒத்துக்கொண்டார். இப்போது கூட்டக் குறிப்பில் கடைசி வரி அதுதான்.

அடுத்த வகுப்புக்கு நான் எடுத்திருக்கும் தலைப்பு, குழந்தையாக மாற்று அறுவை செய்துகொண்டு இப்போது பெரியவர்களானவர்கள். பித்தநாளம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜப்பானில் கசாய் என்ற மருத்துவர் அறுவைமுறை கண்டுபிடித்து 1959-ல் எழுதினார். அதுவும் பலிக்காதவர்களுக்கு மாற்று அறுவை. அப்படிப் பிழைத்த பிள்ளைகள் இருபது வயதாகி, குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு வருகிறார்கள். பெரியவர்களைப் பார்க்கும் கல்லீரல் மருத்துவர் படித்ததெல்லாம் குடி, வைரஸ், கொழுப்பு. இவர்களின் நோயை அவர் பாடப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அந்தப் பக்கம் பிள்ளைகளோ, இத்தனை வருடம் அம்மா எடுத்துக் கொடுத்த மாத்திரையை முதல் முறையாகத் தானே எடுக்க வேண்டும், அதுவும் தேசிய சேவை, பாலிடெக்னிக், காதல் எல்லாம் ஒன்றாக வரும் வயதில். மாத்திரையைத் தவறவிட்டு, நல்ல கல்லீரலை இழப்பது இந்த வயதில்தான் அதிகம். பேச மூன்று பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லோரும் எங்கள் நோயாளிகள். ஒரு பெண், “அக்கா, டாக்டருங்க முன்னாடி உண்மையப் பேசலாமா, இல்ல நல்ல பிள்ள மாதிரி பேசணுமா?” என்று கேட்டாள். உண்மையைப் பேசு, அவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள் என்று சொன்னேன். முதல் ஸ்லைடே மாத்திரையை ஏன் நிறுத்தினேன் என்பதுதான், அதைச் செய்து அனுப்பிவிட்டாள். அந்த வகுப்புக்குப் பாயிண்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்.